சாமிக்கு எந்த இலாகா?

அளவு நாடா

அளவு நாடாவின் ஒரு முனையை அஞ்சலை ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு நான் சாக்கடையைத் தாண்டிக்கொண்டிருந்தேன். வீட்டுச் சுவரிலிருந்து மரம் எவ்வளவு தூரம், மரத்திலிருந்து தார்ச்சாலை எவ்வளவு தூரம் என்று தெரிந்தால்தான் யாரிடம் போய் நிற்பது என்று தெரியும். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் நான் பார்க்கும் வேலைக்கு மக்கள் சேவை என்று பெயர். எந்தப் பொருள் எந்த அலுவலகத்துக்குச் சொந்தம் என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை.

கிள்ளானைத் தாண்டி, கேரி தீவுக்குப் போகும் வழியில், பெரிய சாலையை ஒட்டிய குடியிருப்பு அது. ஆன்ட்டியின் வீடு கடைசி வரிசையில். வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு துண்டுப் புல்தரை, அதில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கிளைகளில் ஒன்று, ஆள் இடுப்பளவு பருமன், சாய்ந்து வந்து முன்னறைக் கூரையின் மேல் நின்றது. கிளை பிரியும் இடத்தில் பட்டை வெடித்திருந்தது. கூரைக்குக் கீழே, சன்னலை ஒட்டிய கட்டிலில், ஆன்ட்டியின் கணவர் கோவிந்தன் பக்கவாதத்தில் படுத்திருந்தார். மரம் இருக்கட்டும், அந்த ஒரு கிளையை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்பதுதான் புகார்.

நாடா அடிமரத்தை எட்டியபோதுதான் மஞ்சள் துணியைக் கவனித்தேன். தகரக் கூரை, டைல்ஸ் போட்ட மேடை, கையில் அரிவாளோடு ஒரு சிறிய முனீஸ்வரர் சிலை, பாதி புகைந்த சுருட்டு. கோயிலா என்று கேட்டேன். ஆன்ட்டி கொஞ்சம் கூச்சப்பட்டார். முன்பு அந்த இடத்தில் லோரிக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் குப்பை கொட்டுவார்களாம். பழைய சோபா, கோழி இறகு, எல்லாம். நாற்றம் நேராகக் கோவிந்தன் படுத்திருக்கும் அறைக்கு வரும். புகார் செய்து அலுத்துப்போய், ஒருநாள் ஒரு செங்கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மரத்தடியில் நிறுத்திவிட்டார். சிலையும் மேடையும் பிறகு யார் யாரோ செய்தது. செங்கல் இப்போது சிலைக்குப் பின்னால் விளக்குத் தாங்கியாக இருந்தது.

"எத்தன ஆபீசுக்கு போன் அடிச்சேன் மிஸ், ஒரு நாய் வரல. கல்ல வச்சேன், மறுநாளே சுத்தம் லா."


புல் மட்டும்

நீங்களும் என்றாவது இந்த வரிசையில் நின்றிருப்பீர்கள். அதனால் விளக்கத் தேவையில்லை, ஞாபகப்படுத்தினால் போதும். குடியிருப்புக்குள் இருக்கும் தெரு நகராண்மைக் கழகத்துடையது. வெளியே போகும் பெரிய சாலை பொதுப்பணி இலாகாவுடையது. வீட்டுப் பக்கத்துச் சின்னச் சாக்கடை ஒருவருடையது, அது போய்ச் சேரும் பெரிய வாய்க்கால் இன்னொருவருடையது. கம்பி மின்சாரக்காரர்களுடையது. நிலம் மட்டும் யாரிடம் கேட்டாலும் நில அலுவலகத்தைக் கேள் என்பார்கள். நகராண்மைக் கழக உறுப்பினரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். ஆகவே அவர் பெயர் அந்த வரிசையில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் ஒய்.பி. என்று எங்கள் சட்டமன்ற உறுப்பினரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவரிடம் வாள் இல்லை, ரம்பமும் இல்லை. என்னிடம் ஒரு தொலைபேசி இருக்கிறது.

நகராண்மையின் தாவரப் பிரிவில் ஹாஷிம் என்ற அதிகாரி நல்ல மனிதர். போனை எடுப்பார். மரத்துக்கும் தார்ச்சாலைக்கும் உள்ள தூரத்தைச் சொன்னேன். அப்படியென்றால் அது சாலையின் எல்லைக்குள் வருகிறது, பொதுப்பணி இலாகாவைக் கேளுங்கள் என்றார். பொதுப்பணி இலாகாவில், சாலை எங்களுடையதுதான், ஆனால் அந்த ஓரத்தைப் பராமரிக்க நகராண்மையிடம் ஒப்படைத்து வெகுகாலம் ஆகிறது என்றார்கள். திரும்பவும் ஹாஷிமைக் கூப்பிட்டேன். ஒப்படைத்தது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டார். அந்த இடத்தில் மாதாமாதம் புல் வெட்டுகிறோமே, நீங்கள் பார்த்ததில்லையா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன். புல் ஒழுங்காகத்தான் இருந்தது. மரத்தைச் சுற்றி வட்டமாகக்கூட வெட்டியிருந்தார்கள்.

அப்படியே அந்தக் கிளையையும் என்று நான் ஆரம்பித்ததும் அவர் குரல் தாழ்ந்தது.

"ரும்புட் சஹாஜா, காக். புல் மட்டும்தான் அக்கா எங்களுக்கு."


பிரிக்பீல்ட்ஸில் தேடிய மரம்

ஆன்ட்டியின் மகன் குமரன் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான். கணினி வேலை. எங்களைப் போன்றவர்கள் இழுத்தடிப்போம் என்று அவனுக்குத் தெரியும். கைப்பேசியில் ஒரு புகார்ச் செயலியை இறக்கி, கிளையைப் படம் எடுத்து, தானே புகார் அனுப்பிவிட்டான். முகவரி என்று கேட்ட இடத்தில், புகார் செய்பவரின் முகவரி என்று நினைத்து, தன் வீட்டு முகவரியைப் போட்டிருக்கிறான். கோலாலம்பூருக்குச் சட்டமன்றம் கிடையாது, கிள்ளான் பக்கத்து ஆட்சி வேறு, அந்தப் பக்கத்து ஆட்சி வேறு என்பதெல்லாம் அவனுக்குப் பள்ளியில் படித்ததாக ஞாபகம் இருந்தது. முகவரி நிரப்பும்போது வரவில்லை.

கோலாலம்பூர் மாநகர் மன்றத்து ஆட்கள் ஒழுங்காக வந்திருக்கிறார்கள். அவன் அடுக்குமாடியைச் சுற்றிவந்து பார்த்திருக்கிறார்கள். கார் நிறுத்துமிடத்தில் தொட்டியில் வைத்த கறிவேப்பிலைச் செடியைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. குறிப்பிட்ட இடத்தில் மரம் இல்லை, புகார் தீர்க்கப்பட்டது என்று செய்தி அனுப்பிவிட்டுப் போய்விட்டார்கள். அவன் அந்தச் செய்தியை அம்மாவுக்கு அனுப்ப, அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் அடித்தார். நான் அவனுக்கு அடித்தேன். முகவரி விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொல்லி முடித்த பிறகும் அவனால் அந்தச் செய்தியை விட முடியவில்லை.

"ஆனா தீர்ந்துச்சுன்னு போட்டிருக்கே அக்கா. இனிமே அதே மரத்துக்கு மறுபடியும் புகார் கொடுக்கலாமா?"


சன்னல்

மரத்தை நகர்த்த முடியாவிட்டால் மனிதரை நகர்த்தலாம் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு எந்த இலாகாவின் அனுமதியும் வேண்டாம். ஆன்ட்டியிடம் சொன்னேன். பின்னறையில் வெளிச்சம் இல்லை, கட்டிலும் கதவில் நுழையாது, ஆனால் கழற்றி மாட்டலாம் என்றார். அவரிடம் நீங்களே கேளுங்கள் மிஸ், நான் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்றார்.

கோவிந்தன் முன்பு செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர், அதே சாலையில். பேச்சு குழறும், ஆனால் காத்திருந்தால் வரும். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லோரி போயிற்று. பிரேக் சரியில்லை என்று கையால் காட்டினார். கிளை அவருக்கும் தெரியும். நேராக மேலேதான் இருக்கிறது, படுத்திருப்பவருக்கு அதைவிட வேறு எது தெரியும்? சிரித்த மாதிரி இருந்தது. பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"பின்னால... செவுருதான் மிஸ். செவுத்த பாத்துக்கிட்டு... எவ்ளோ நேரம் இருக்கிறது?"


ஆ ஹெங்கின் நிபந்தனை

ஒய்.பி. ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். கூட்டு ஆய்வு நடந்தது. மூன்று அலுவலகத்து ஆட்கள் மூன்று நிறச் சட்டையில் மரத்தடியில் நின்று மேலே பார்த்தார்கள். அடிமரம் சாலையின் எல்லைக்குள் இருந்தாலும் கிளை குடியிருப்புக்குள் தொங்குவதால், கிளையை மட்டும் நகராண்மை வெட்டும் என்று முடிவாயிற்று. ஹாஷிமுக்கே அதில் சந்தோஷம். ஆன்ட்டி எல்லோருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தார்.

நகராண்மைக்கு மரம் வெட்டிக்கொடுக்கும் குத்தகைக்காரர் ஆ ஹெங் தூக்கு லோரியோடு வந்தார். கூம்புகளை வைத்துச் சாலையில் பாதியை மறித்தாயிற்று. ஆட்கள் தலைக்கவசம் மாட்டினார்கள். கோவிந்தனின் கட்டிலை அன்றைக்கு மட்டும் முன்னறையின் மறுகோடிக்குத் தள்ளியிருந்தோம். ஆ ஹெங் மரத்தைச் சுற்றி வந்தார், சிலைக்கு எதிரில் நின்றார், சுருட்டைப் பார்த்தார். பிறகு வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டார். ஏணி ஏற இருந்த தமிழ்ப் பையன் ஏற்கெனவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளிப் போய்விட்டான். கிளை சாமிக்கு நேர் மேலே இல்லை, வீட்டுக்கு மேலேதான் இருக்கிறது என்று நான் வாதம் செய்தேன். ஆ ஹெங் மலாயும் கொஞ்சம் தமிழும் பேசுவார். முன்பு ஒருமுறை இப்படித்தான் சிவப்புத் துணி கட்டிய மரத்தில் கை வைத்து, மேலே போன ஆள் விழுந்தார் என்றார். இன்னும் கட்டிலில் கிடக்கிறாராம். கூம்புகளை எடுக்கச் சொல்லிவிட்டு என்னிடம் மரியாதையாகவே சொன்னார்.

"மிஸ், உங்க சாமி எங்க சாமி சாமா சாமா, எல்லாம் ஒண்ணு. முதல்ல அவர வேற வீடு பாக்க சொல்லு. அப்புறம் நான் வரேன்."


தலைவர்

இனி அது மரமில்லை, வழிபாட்டுத் தலம். ஹாஷிம் இதைச் சொல்லும்போது உண்மையாகவே வருந்தினார். மரத்துக்கு அவர் பொறுப்பேற்க முடியும், கிளைக்குப் பொறுப்பேற்றும்விட்டார். சாமி இருக்கும் இடத்தைத் தொட வேண்டுமென்றால் வேறு குழு, மாநில அளவில். நிலம் யாருடையது என்று நில அலுவலகம் சொல்ல வேண்டும். அதற்கு முன், கோயில் நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். நிர்வாகத் தலைவர் யார் என்று கேட்டார். ஆன்ட்டிதான் கல்லை வைத்தவர் என்று சொல்ல நினைத்தேன். அதை எந்தக் குழுவிடம் சொல்வது என்று தெரியவில்லை.

தலைவர் ஒருவர் இருந்தார். மணியம், வாடகைக் கார் ஓட்டுபவர். நல்ல குரல், நெற்றி நிறைய திருநீறு. ஒருமுறை அந்த இடத்தில் கார் நின்றுபோய், இறங்கிக் கும்பிட்டுவிட்டு முடுக்க, கிளம்பிவிட்டதாம். அன்றிலிருந்து வெள்ளிதோறும் பூசை. சிலை அவர் வாங்கியது, மேடை லோரிக்காரர்கள் சேர்ந்து கட்டியது. லாட்டரிக்கு நம்பர் எடுக்கிறவர்களும் வருகிறார்கள், அவர்களைத் தாம் ஊக்குவிப்பதில்லை என்றார். அவர் கெட்டவர் இல்லை. கோவிந்தனுக்காகத் தனியாக அர்ச்சனை செய்கிறார். சாமியை நகர்த்தலாம், ஆனால் ஆண்டுப் பூசை முடியட்டும், பந்தலுக்குச் சொல்லியாயிற்று, ஆட்களை அழைத்தாயிற்று, அதன் பிறகு பூக்கட்டிப் பார்த்து உத்தரவு கேட்டுச் செய்யலாம் என்றார். அதுவரை கிளை நிற்குமா என்று கேட்டேன். அவர் இருக்கும்போது விழ விடுவாரா என்று சிலையைக் காட்டினார்.

ஆன்ட்டி கூடவே நின்றிருந்தார். தான் வைத்தது ஒரு செங்கல், குப்பைக்காக வைத்தது, அதைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று மெல்லச் சொன்னார். மணியம் கோபப்படவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுத்தான் பதில் சொன்னார்.

"அம்மா, நீங்க வச்சது கல்லு. நாங்க கும்பிட்டுத்தான் சாமி ஆச்சு."


எல்லோரும் வந்தார்கள்

ஆண்டுப் பூசைக்கு முந்தின வாரம், மாலை மழை. மையத்தில் சன்னல்களை மூடிக்கொண்டிருந்தேன். ஆன்ட்டியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேச்சு இல்லை, மழைச் சத்தம் மட்டும். நான் போம்பாவுக்கு, அதாவது தீயணைப்பு நிலையத்துக்கு, அடித்துவிட்டுக் காரை எடுத்தேன்.

போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி நின்றது. நகராண்மை லோரி நின்றது. பொதுப்பணி இலாகாவின் ஆட்கள் மழைச் சட்டையில் போக்குவரத்தைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மின்சாரக்காரர்கள் கம்பியைத் துண்டித்திருந்தார்கள். கிளை முறிந்தபோது மரத்தின் ஒரு பக்கத்தையும் உரித்துக்கொண்டு வந்திருந்தது. பாதி சாலையை அடைத்துக் கிடந்தது, பாதி முன்னறைக் கூரையை உடைத்திருந்தது. தகரமும் மேடையும் அடியில். ஆ ஹெங்கும் வந்திருந்தார். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. விழுந்த மரத்தின்மேல் கால் வைக்க அவருக்குத் தயக்கம் இல்லை.

கிளை கோவிந்தன்மேல் விழவில்லை. கூரை இரும்பில் தாங்கி, கட்டிலுக்கு ஒரு கை உயரத்தில் நின்றுவிட்டது. மழைதான் அவர்மேல் விழுந்தது. தனியாகத் தூக்க முடியாமல், தீயணைப்புக்காரர்கள் உள்ளே வரும்வரை, ஆன்ட்டி குடையை விரித்து அவர் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். வெளியே கொண்டுவந்து ஆம்புலன்ஸில் ஏற்றியபோதும் குடை விரிந்தேதான் இருந்தது. தானும் ஏறுவதற்கு முன் ஆன்ட்டி சாலை முழுக்க நின்ற வண்டிகளைப் பார்த்தார், ஒவ்வொன்றாக.

"இப்ப மட்டும் எல்லாருக்கும் வழி எப்படி தெரிஞ்சுச்சு, மிஸ்?"


மெத்தை

சளி நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார்கள். கோவிந்தன் மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை. மருத்துவமனையில் போட்டிருந்த கட்டில் சுவரைப் பார்த்து இருந்தது. எங்கள் மையத்தில் அந்தப் புகார், கிளை அகற்றப்பட்டுவிட்டதால், தீர்ந்தவற்றோடு சேர்ந்தது. நான்தான் சேர்த்தேன். வேறு எதோடு சேர்ப்பது?

கருமாதி முடிந்து சில நாட்கள் கழித்துப் போனேன். முன்னறைக்குப் புதுக் கூரை போட்டிருந்தார்கள். மரம் முழுவதையும் ஆபத்து என்று வெட்டிவிட்டார்கள், அடிக்கட்டை மட்டும் மீதம். எந்த அலுவலகம் வெட்டியது என்று ஆன்ட்டிக்குத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. மணியம் சிலையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். சிலையின் கையில் லேசான சேதம், பின்னப்பட்டதை வைத்துக் கும்பிடலாமா என்று பெரிய கோயிலில் கேட்டிருக்கிறாராம். கட்டிலை, இரவல் கொடுத்த சங்கத்திடம் குமரன் திருப்பிக் கொடுத்துவிட்டான். மெத்தையை அவர்கள் வாங்கவில்லை. அதைச் சாக்கடைக்கு அப்பால் புல்லின்மேல் சாய்த்து வைத்திருந்தான். அதைப் பார்த்துவிட்டு யாரோ அதன் பக்கத்தில் இரண்டு கறுப்புப் பைகளைப் போட்டிருந்தார்கள். ஒரு பை கிழிந்து, மீன் செதில்கள் வெளியே தெரிந்தன. காற்று வீட்டுப் பக்கமாக அடித்தது.

மெத்தையை எடுக்க யாருக்கு அடிக்க வேண்டும் என்று குமரன் கேட்டான். இந்தமுறை முகவரியைச் சரியாகப் போடுகிறேன் என்றான். வாசலில் இருந்தால் குப்பை எடுக்கும் நிறுவனம், புல்லில் இருந்தால் நகராண்மை, சாலையோரம் என்று சொன்னால் பொதுப்பணி இலாகா என்று சொல்லிக்கொண்டே கைப்பேசியை எடுத்தேன். நின்றுகொண்டிருக்கும்வரை எதற்கும் சொந்தக்காரர் இல்லை, விழுந்துவிட்டால் எல்லோரும் உறவு என்பதுதான் இந்த உத்தியோகத்தில் நான் கற்றது. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. குமரன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆன்ட்டி சாக்கடையைத் தாண்டிப் போய், அடிக்கட்டையின் வேர்களுக்கிடையில் கிடந்த செங்கல்லை எடுத்தார். வாசல் குழாயைத் திறந்து அதன் மண்ணைக் கழுவினார். தோள் துண்டால் துடைத்து, வெயில் படும்படி படியில் நிறுத்திவைத்துவிட்டு, மஞ்சள் எடுக்க உள்ளே போனார்.